வரிசை உட்கார்ந்த நாள்

மே 4, ஞாயிறு

தொண்டை போய்விட்டது. ஞாயிறும் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டால் எங்கள் பூங்காவில் கால் வைக்க இடமிருக்காது, எனக்கு வாய் மூட நேரமிருக்காது. ராட்டினத்துக்கு முன்னால், தகரக் கூரைக்குக் கீழே, வரிசை நான்கு மடிப்பாக நிற்கும். அதை மடிக்கிறவன் நான். "கம்பிக்கு உள்ள வாங்க, கம்பிக்கு உள்ள வாங்க" என்று காலையிலிருந்து கத்தி, வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைப் பார்த்தும் அதையேதான் சொல்ல வந்தது.

வாண்டு கேட்கிறாள்: "அப்பா, நீதான் எல்லாரையும் ராட்டினத்துல ஏத்தி விடுவியா?" இல்லை, ஏற்றி விடுகிறவர் வேறு. நான் அதற்கு முன்னால் நிற்க வைக்கிறவன். அவளுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. "நிக்கறதுக்கு எதுக்குப்பா ஆளு? அவங்களே நிக்க மாட்டாங்களா?" ஏழு வயதில் கேட்கிற கேள்வியா இது? அப்படியே அவள் அம்மாவின் வாய்.

மே 6, செவ்வாய்

வார ஓய்வு. வீட்டுக்காரி இன்று ஒரு நிபந்தனை போட்டாள். இந்த விடுமுறையில் வாண்டுவை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கள் பூங்கா மட்டும் கூடாது. "அவ கிளாஸ்ல எல்லாப் பிள்ளைங்களும் பெரிய பார்க்குக்குப் போயிட்டு வந்துட்டாங்க. இவ மட்டும் இன்னும் உங்க ராட்டினத்துலயே சுத்திக்கிட்டு இருக்கா."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். வாண்டு பெரியவளாகிவிட்டாள், தனக்கும் மறுபடி வேலைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்றாள். கல்யாணத்துக்கு முன் எங்கள் பூங்காவிலேயே டிக்கெட் கவுண்டரில் இருந்தவள்தான். "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். இந்தப் பாக்கலாமை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அவள் கணக்கு வைத்திருப்பாள்.

மே 9, வெள்ளி

லீவு கிடைத்துவிட்டது! மேனேஜர், "போறதுதான் போறீங்க, அங்கெல்லாம் கூட்டத்தை எப்படி சமாளிக்கறாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்றார். ஆக, இது அலுவலகப் பயணமும்தான். வாண்டு இப்போதே நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

மே 13, செவ்வாய்

தண்ணீர்ப் பூங்கா. மூன்று பேருக்கும் கண் சிவந்திருக்கிறது.

ஒன்று கவனித்தேன். சறுக்குக்கு வரிசை எங்களுடையதைவிட நீளம். யாரும் யாரையும் முறைக்கவில்லை. ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, மூன்றாவது தடவை படியேறும்போதுதான் உறைத்தது. எல்லாரும் நனைந்திருக்கிறார்கள், அதனால் யார் கையிலும் போன் இல்லை, வாட்ச் இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்றே தெரியாததால் கோபமும் வரவில்லை. பக்கத்தில் நின்ற தொப்பைக்காரர் என்னிடம் தன் கடன் கதை முழுவதும் சொல்லிவிட்டார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

குறை என்று பார்த்தால், செருப்பு வைக்கிற இடம். வாண்டுவின் ஒரு செருப்போடு யாருடையதோ ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது.

நாளைக்குப் பெரிய பூங்கா. நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

மே 14, புதன்

என்ன நாள் இது! வரிசையாக எழுதுகிறேன்.

பெரிய பூங்கா பெரியதுதான், ஒத்துக்கொள்கிறேன். கழிவறையில் சோப்பு இருக்கிறது. காணாமல்போன ஒரு குழந்தையை மைக்கில் அலறாமலே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கு முன்னாலும் ஒரு பலகை, அதில் காத்திருக்க வேண்டிய நேரம். நாற்பது நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில் அரை மணிக்குள் ஏறிவிட்டோம். வாண்டு, "பத்து நிமிஷம் லாபம்!" என்று குதித்தாள். கள்ளப்பயல்கள், வேண்டுமென்றே கூட்டிப் போடுகிறார்கள். அந்தத் தந்திரத்தை ரசித்தேன்.

ஆனால் வரிசையில் பேச்சே இல்லை. ஒவ்வொருவரும் போனைக் குனிந்து பார்த்தபடி நகர்கிறார்கள். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஒருத்தர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் நான்கு பேருக்குப் போகும். இங்கே அது நடக்காது.

நீலச் சட்டைதான் வினையாகிவிட்டது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அதே நீலம். உள்ளே போன அரை மணிக்குள் இரண்டு பேர் என்னிடம் கழிவறைக்கு வழி கேட்டார்கள். இரண்டாவது ஆளுக்கு நான் வழியும் சொன்னேன்.

மதியம் உயரக் கோபுரத்து வரிசையில் நிற்கிறோம். திடீரென்று கோபுரம் நின்றுவிட்டது. மேலே யாரும் இல்லை, நல்ல வேளை. ஏதோ பழுது. சுள்ளென்று வெயில், எங்களுக்கு முன்னால் நூறு பேராவது இருப்பார்கள். அங்கே இருந்த சின்னப் பெண் ஊழியர் கையைப் பிசைந்துகொண்டு வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிடுகிறாள். பின்னால் நின்றவர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? "யாரும் நகராதீங்க! கம்பிக்கு உள்ள வாங்க! பிள்ளைங்களைக் கையில பிடிங்க!" நீலச் சட்டையைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள். வரிசை நூல் பிடித்த மாதிரி நின்றது. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

இதற்குள் வீட்டுக்காரி வாண்டுவை என்னிடம் விட்டுவிட்டு நேரே அந்தப் பெண்ணிடம் போனாள். ஏதோ கேட்டாள். திரும்பி வந்து, வரிசையின் நடுவில் நின்று, கத்தாமல் சொன்னாள்: "இதைச் சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகுமாம். நிக்க வேணாம், எல்லாரும் அந்த நிழல்ல போய் உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி நிக்கற முகத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்பி வரும்போது அவங்க பின்னாடியே வந்து நின்னாப் போதும். யார் எடமும் போகாது."

போச்சு என்று நினைத்தேன். கட்டிய வரிசையைக் கலைத்தால் கலைத்ததுதான், திரும்பக் கட்ட முடியாது. இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சிரித்தார்கள், போய் உட்கார்ந்துவிட்டார்கள். கிழவர் ஒருவர் தனக்கு முன்னால் நின்ற பையனின் தலையில் தொப்பியை வைத்து, "நீ என் ஆளுடா, தொலைஞ்சு போயிடாதே" என்றார். நிழலில் பேச்சு கிளம்பியது. காலையிலிருந்து அந்தப் பூங்காவில் கேட்காத சத்தம் அது.

கோபுரம் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்து வந்து அவரவர் முகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். ஒரு சண்டைகூட இல்லை. நல்ல அதிர்ஷ்டம்.

பிறகுதான் முக்கியமான விஷயம். அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிற ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்து, "இந்த மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும். ஒரு நம்பர் குடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். நான் சட்டென்று என் நம்பரைக் கொடுத்தேன்.

பெரிய பூங்கா. சம்பளம் எப்படியும் கூட இருக்கும். கழிவறையில் சோப்பு.

மே 15, வியாழன்

தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான். ஆனால் விஷயம் வரிசை பற்றியது. வரிசை என்றால் நான்தானே?

மே 18, ஞாயிறு

வேலைக்குத் திரும்பிவிட்டேன். போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மூன்று தடவை அடித்தது. இரண்டு தடவை இவள், பால் வாங்கி வரச் சொல்லி. ஒரு தடவை யாரோ ஒருவர், நான் கட்டாத வீட்டுக்கு ஜன்னல் போட்டுத் தருவதாக.

எங்கள் தகரக் கூரையைப் பார்க்கவே இன்று சங்கடமாக இருந்தது. இவ்வளவு துருவா ஏறியிருக்கிறது?

மே 21, புதன்

மேனேஜரிடம் நேரப் பலகைத் தந்திரத்தைச் சொன்னேன். உடனே ஒரு பலகை எழுதி மாட்டினோம். ‘காத்திருக்கும் நேரம் 40 நிமிடம்’. வந்தவர்கள் படித்தார்கள், திரும்பிக் குட்டி ரயிலுக்குப் போய்விட்டார்கள். ராட்டினம் பாதி காலியாகச் சுற்றியது. ராட்டினக்காரர் இறங்கி வந்து, "என்ன சார், இது கூட்டத்தை வரவழைக்கற போர்டா, வெரட்டற போர்டா?" என்றார். சாயங்காலமே கழற்றிவிட்டோம். பெரிய பூங்காவில் போக வேறு இடம் இல்லாதபடி எல்லா வரிசையும் நீளம். எங்களிடம் குட்டி ரயில் சும்மா நிற்கிறது. இதை யோசிக்காமல் விட்டுவிட்டேனே.

மே 25, ஞாயிறு

மூக்கு உடைந்தது.

மதியம் கரண்ட் போய்விட்டது. ராட்டினத்தில் இருந்தவர்களைக் கையால் சுற்றி இறக்கினோம். வரிசை நான்கு மடிப்பும் நிரம்பி வழிகிறது. சரி, இவள் செய்ததைச் செய்து பார்ப்போமே என்று, "எல்லாரும் போய் உக்காருங்க! முன்னாடி இருக்கறவங்களை ஞாபகம் வச்சுக்கோங்க!" என்று கத்தினேன். நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நாற்பது பேர் அந்த நான்கு பேரின் இடத்தைப் பிடிக்க ஓடினார்கள். கரண்ட் வந்தபோது வரிசை என்று ஒன்றே இல்லை, ஒரு பெரிய உருண்டைதான் இருந்தது. ஒருவர் என் சட்டையைப் பிடித்தார், இன்னொருவர் விலக்கிவிட்டார்.

இவளிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னீங்களா?"

இல்லை.

"அவங்க எடம் போகாதுன்னு சொன்னீங்களா?"

அது... கத்தினதில் விட்டுப்போயிற்று.

"அப்ப அவங்க எதை நம்பி உக்காருவாங்க?"

அன்றைக்கு நான் அதிர்ஷ்டம் என்று எழுதினேனே, அது அதிர்ஷ்டம் இல்லை போலிருக்கிறது.

மே 27, செவ்வாய்

போன் வந்தது.

இவள் கடைக்குப் போயிருந்தாள். வாண்டு கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எடுத்தேன். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்?

கண்ணாடி அம்மாதான். "அன்னிக்கு வரிசையை உக்கார வச்சாங்களே, அந்த அம்மாகிட்ட பேசணும். வர்றவங்களைக் கவனிச்சுக்கற பிரிவுல ஒரு எடம் இருக்கு." அவங்க வெளியே போயிருக்காங்க, நான் அவங்க வீட்டுக்காரர் என்றேன். "ஓ! கத்திக்கிட்டு இருந்தீங்களே, அவரா?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கூப்பிடச் சொல்லுங்க. அதுக்கு மேல வேற ஆளைப் பாத்துடுவோம்."

சொல்கிறேன் என்றேன்.

இவள் வந்தாள். பையை இறக்கினாள். "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறாள், அவள் எதையும் எதிர்பார்த்துக்கொண்டா இருந்தாள்? எதிர்பார்த்தது நான் ஒருத்தன்தான், மடையன் மாதிரி, பதிமூணு நாளா போனை மடியில கட்டிக்கிட்டு!

மே 28, புதன்

சொல்லவில்லை.

மே 29, வியாழன்

இன்று வேலையில் நிற்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு ராத்திரி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது என்பதே பிடிக்கவில்லை. இவள் முகம் என் முன்னால் வந்து நின்றது. வரிசையில் நிற்பவர்களிடம் பேசிய அன்றைய முகம். கல்யாணத்துக்கு முன் டிக்கெட் கவுண்டரில் பார்த்த அதே முகம்தான். நடுவில் இத்தனை வருடம் அதை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் இவளைக் கட்டிக்கொண்டேன் என்பதே மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். முழுவதும் சொன்னேன், செவ்வாய்க்கிழமையே வந்தது என்பதையும்.

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களே, இதுக்குத்தானா? நான் சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சோன்னு நினைச்சேன்." சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் என் அதிர்ஷ்டம். "நாளைக்கும் சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "இருந்திருக்க மாட்டேன்" என்றேன். நம்பினாளா தெரியவில்லை, ஆனால் தட்டை வைத்தாள்.

பிறகு அவளே பயப்பட ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகுமே, வாண்டுவை யார் கிளப்புவது, சாயங்காலம் யார் பார்ப்பது. "நான் காலையில கிளப்பறேன். சாயங்காலம் அவ என்கூட பார்க்குல இருக்கட்டும். ராட்டினக்காரர் இருக்காரு, நான் இருக்கேன்" என்றேன். இந்தத் தடவை பாக்கலாம் என்று சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

காலை எட்டு மணிக்கே கூப்பிட்டுவிட்டாள். நான் பக்கத்து அறையில் நின்று, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

அவளுக்கு முதல் நாள். நான் வாண்டுவுக்குப் போட்ட பின்னல் ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. பள்ளியில் டீச்சர் அவிழ்த்துத் திரும்பப் போட்டு அனுப்பியிருக்கிறார். முட்டை கருகியது. இவள் ராத்திரி வந்து, கால் வலிக்கிறது, முகம் வலிக்கிறது என்றாள். முகம் ஏன்? "நாள் பூராவும் சிரிக்கணும்ல." வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். பேசிக்கொண்டே இருந்தாள், பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

எங்கள் வரிசையில் இன்று கத்தவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று போய்ப் போய்ச் சொன்னேன், உள்ளதை உள்ளபடி. தொண்டை இருக்கிறது. ராட்டினக்காரர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

எனக்கு ஓய்வு. வாண்டுவின் பள்ளிக்கும் விடுமுறை. இரண்டு பேரும் டிக்கெட் எடுத்துப் பெரிய பூங்காவுக்குப் போனோம், இவளிடம் சொல்லாமல்.

சுழல் படகுக்கு வரிசை. நாங்கள் நடுவில். பாதி தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது, படகை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் எரிமலையாகிவிட்டார். இவ்வளவு காசு, இவ்வளவு நேரம், விடமாட்டேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று குதித்தார். அப்போது குடையோடு இவள் வந்தாள். எங்களைப் பார்த்தாள். ஒரு கணம் கண் விரிந்தது, அவ்வளவுதான். வேலையில் இருக்கிறாள். நேரே அவரிடம் போனாள்.

"சார், இன்னிக்கு இது ஓடாது. ஓடும்னு சொல்லி உங்களை நிக்க வைக்க மாட்டேன். உள்ள கூரைக்குக் கீழ ரெண்டு விளையாட்டு இருக்கு, அங்க இப்ப கூட்டம் கம்மி. பிள்ளைங்க நனையுது, முதல்ல வாங்க." தன் குடையை அவர் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, நனைந்தபடியே அடுத்தவரிடம் போய்விட்டாள்.

அவருக்கு இறங்கிவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "யாருங்க அந்தம்மா? சண்டை போடணும்னுதான் நின்னேன், போடவே வரலையே."

"என் வீட்டுக்காரி" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.