எந்த வேண்டுதல் என்று கேட்டவளுக்கு

என் அருமை அக்காவுக்கு,

உன் அறைச் சாவி மூன்று மாதமாக என் கைப்பையில் கிடக்கிறது. உன் காரியமெல்லாம் முடிந்து நான் கல்லூரிக்குப் போன அன்றே முதல்வர் கூப்பிட்டுக் கொடுத்தார். புது ஆலோசகர் வரும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்றார். நான் நடத்துவது புள்ளியியல். அக்கா மாணவர்களின் மனக்கஷ்டம் கேட்டவள் என்றால் தங்கைக்கும் அது தானாக வந்துவிடும் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார், நம் வீட்டு மூக்கு மாதிரி.

நான் திறக்கவே இல்லை. உன்மேல் கோபம். அதைவிடப் பயம். போன செவ்வாய்க்கிழமைதான் திறந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை என்று எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

முதலில் உன்னைக் கொஞ்சம் புகழ்ந்துவிடுகிறேன். நீ இருந்தபோது புகழ்ந்திருந்தால், “என்னாடி, என் புடவை எதுனா வேணுமா?” என்று கேட்டிருப்பாய். மனநல ஆலோசனை மையம் என்று நிர்வாகம் மாட்டிய பலகையை முதல் வாரமே கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினாய். அதன் கீழே ஒரு பிள்ளை நின்றால் சாயங்காலம் அரக்கோணம் பஸ் முழுக்க அதே பேச்சாகிவிடும் என்று உனக்குத் தெரியும். மேசையைச் சுவரோரம் தள்ளினாய். வருகிறவர்களின் நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டாய், பிடிக்காவிட்டால் எழுந்து போகட்டும் என்று.

நடுவில் ஒரு முறம், அதில் அவித்த வேர்க்கடலை. உரித்துக்கொண்டே பேசினால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை என்பாய். அறை பெருக்கும் அம்மா உன்னைத் திட்டாத நாளில்லை. அந்தத் தோல் குப்பையில் எத்தனை பிள்ளைகளின் பாரம் இறங்கியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ யாரைப் பற்றியும் என்னிடம் மூச்சு விட்டதில்லை.

சுகுணா விஷயமும் அவளாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன், திட்டாதே.

ஆடிக் கிருத்திகை லீவு முடிந்து கல்லூரி திறந்த நாள். என் வகுப்பில் நாலைந்து மொட்டைத் தலைகள், சந்தனப் பூச்சோடு. அதில் சுகுணாவும் ஒருத்தி. இடுப்பு வரை பின்னல் போட்டு வந்த பெண். வேறு ஊராக இருந்தால் கல்லூரியே கூடி நின்று விசாரித்திருக்கும். திருத்தணியில் மொட்டையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நான் அவளுடைய வகுப்பாசிரியை. சாமிக்குக் கொடுத்துவிட்டாயா, நல்லது என்று சொல்லிவிட்டு வருகைப்பதிவை எடுத்தேன். நல்லது என்று சொன்னேன், அக்கா. நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.

மத்தியானம் அவளைக் குழாயடியில் பார்த்த நீ, எந்த வேண்டுதல் என்று கேட்டாய். மகள் டிகிரி முடித்தால் அவள் முடியைக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார் என்றாள். நாங்கள் யாராக இருந்தாலும் அதோடு தலையாட்டிவிட்டுப் போயிருப்போம்.

“நீ ரெண்டாவது வருஷம்தானே படிச்சிகினு இருக்கிற? அதுக்குள்ள ஏன் குடுத்துட்ட?” என்றாய் நீ.

அப்படியே அவளை அறைக்குக் கூட்டிப்போய், முறத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாய்.

“செத்துப்போலாம்னு தோணுதா கண்ணு?”

“ஆங்” என்றாளாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டு அழுதாளாம். தான் போன பிறகு அம்மாவின் வேண்டுதல் பாதியில் நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே மலையேறியிருக்கிறாள். அவளுடைய வீட்டாருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

நீ பதறவில்லை. எத்தனை நாளாக இப்படி, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அன்று முழுக்க அவளைத் தனியாக விடவில்லை. அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் நீயே கூட்டிப்போனாய். பள்ளிப்பட்டிலிருந்து விசைத்தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த அவள் அப்பா, இது காத்து சேஷ்டை, மந்திரித்தால் போதும் என்று நின்றார். அவள் கூப்பிடுகிற மாதிரியே நீயும் அவரை நைனா என்று கூப்பிட்டாய்.

“ஜொரம் வந்தா சாமியும் கும்புடுவீங்க, டாக்டர்கிட்டயும் இட்டுகினு போவீங்க இல்ல? இதுக்கும் அப்டித்தான் நைனா.”

மனிதர் உட்கார்ந்துவிட்டார். ஒரு படி கடலையை உரித்துத் தீர்த்தார், ஒன்றைக்கூட வாயில் போடாமல். மறுமுறை மருத்துவரிடம் அவரேதான் மகளைக் கூட்டிப்போனார்.

அந்தச் சுகுணா இப்போது கடைசி வருஷம். முடி கழுத்தைத் தொட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் முன்னால் வந்து நின்றாள். பின்னால் தலையைக் குனிந்தபடி இன்னொரு பெண், விடுதியில் அவளோடு ஒரே அறை. “ரூமு பூட்டிகினே கீது மேடம். தொறங்க” என்றாள். நான் என் புள்ளியியல் பாட்டைப் பாடினேன். இது இதற்கென்றே படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, அடுத்த மாதம் ஆள் வந்துவிடும் என்றேன்.

அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

போன வருஷம் மருந்து ஏற்றியதில் உன் தலைமுடி மொத்தமும் போனதே. பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா தொடங்கி உன் வகுப்புத் தோழிகள் வரை, மலைக்குப் போய்வந்தீர்களா என்று கேட்டார்கள். நீயும் ஆமாங்க என்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நடித்துக்காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சுகுணா மட்டும் உன்னிடம், “எந்த வேண்டுதல் மேடம்?” என்று கேட்டிருக்கிறாள். நீ வியாதியின் பெயரைச் சொல்லியிருக்கிறாய். பிறகு, “பயமா இருக்குது கண்ணு” என்றிருக்கிறாய்.

அக்கா, ஒவ்வொரு தடவையும் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான். கஞ்சி குடித்தாயா, மாத்திரை போட்டாயா, ரிப்போர்ட் வந்ததா என்று ஆயிரம் கேட்டேன். பயமாக இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று எனக்குப் பயம். யாரோ ஒருத்தியிடமாவது அதைச் சொன்னாயே என்று இப்போது ஆறுதல் பட்டுக்கொள்கிறேன். அந்த ஒருத்தி நானாக இருந்திருக்கக்கூடாதா?

சாவியை எடுத்தேன். அறையில் உன் முறத்தின்மேல் தூசி, மூலையில் பழைய கடலைத் தோல். அந்தப் பெண் கதவுப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். சுகுணா வெளியே நின்றாள்.  நீ கேட்ட அதே வார்த்தைகளில் கேட்டேன். அவள் ஆமாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

அவளைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன், அது அவளுடையது. உன் அலமாரிக் கதவின் உள்பக்கம் உன் கோழிக் கிறுக்கலில் நீ ஒட்டிவைத்த தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். தனியா விடாதே, வீட்டில் யாரை நம்புகிறாள் என்று கேள், டாக்டரிடம் நீயே கூடப் போ. மூன்றையும் செய்தேன். அவளுடைய அம்மா அன்றே வந்து சேர்ந்தார். மருத்துவர் உன்னை விசாரித்தார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை அந்தப் பெண் அம்மாவோடு வந்து அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இங்கே கடலை இருக்கும் என்று சுகுணா சொன்னாளே மேடம் என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

முறத்தைக் கழுவிவிட்டேன். நாளை காலை பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவேன். முறையாகப் படித்த ஆலோசகர் வர வேண்டும், முதல்வரை அரித்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரை உன் அறை பூட்டிக் கிடக்காது. உன்னிடம் கேட்கப் பயந்த கேள்வியை, அந்த நாற்காலியில் வந்து உட்காருகிற பிள்ளைகளிடம் கேட்பேன். ஆமாம் என்று பதில் வந்தால் எழுந்து போக மாட்டேன், அக்கா.

உன் மூக்கோடும் உன் சாவியோடும்,
உன் தங்கை வசந்தி