மேட்டுக்கு ஏறிய களிமண்

மேட்டுத் தோட்டம், மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் சுகம்தானே? போன வருஷம் வியாபாரிகள் முன்னால், "சேத்துல கிடக்கிறவளுக்குக் கிடங்குல என்ன வேலை, வெளிய போ" என்று நான் உன்னைச் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயாம். கோபத்தில் வந்த வார்த்தை, விட்டுத்தள்ளு.

பாகம் பிரித்தபோது சரளை மேட்டை நான் எடுத்துக்கொண்டு, களிமண் பள்ளத்தை உன் தலையில் கட்டிவிட்டேன் என்று ஊரே பேசியது. இப்போது பார், என் சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் வியாபாரி முகத்தைச் சுளிக்கிறார். "என்னங்க இது, நாக்கைப் பிடிச்சு இழுக்குது? உங்க அக்காவோடது எவ்வளவு மெத்துனு இருக்கு!" என்கிறார். சேற்றுத் தண்ணீருக்கு வந்த வாழ்வு!

உன் களிமண்ணை அள்ளி என் திராட்சைக் கொடிகளின் அடியில் பரப்பினால் என் ஒயினும் மெத்தென்று ஆகுமா? மண் விஷயத்தில் அப்பாவே உன்னைத்தான் கேட்பார்.

அன்புத் தம்பி

பள்ளத் தோட்டம், மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. சரளையில் தண்ணீர் தங்காது. வேர் ஆழத்துக்குப் போய் ஈரம் தேடும். பழம் சிறுத்துத் தோல் தடிக்கும். துவர்ப்பு அதனால்தான். களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பழம் பருக்கும், ஒயின் இளகும். வேண்டியமட்டும் அள்ளிக்கொள், நமக்குள் என்ன கணக்கு? முழங்கால் உயரத்துக்குப் போடு. ஓரவஞ்சனை இல்லாமல் எல்லா வரிசைக்கும் போடு.

பிரியமுள்ள அக்கா

மேட்டுத் தோட்டம், மறுவருஷம் அக்டோபர் 20

என் அன்பு அக்கா,

நீ தெய்வம்! வியாபாரி பீப்பாயைக் கட்டிப்பிடித்து முத்தமிடாத குறை. இனி உன் வாசல் பக்கம் போகவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரே மாதிரிச் சரக்கு இரண்டு இடத்தில் எதற்கு? தப்பாக நினைக்காதே, வியாபாரம் வேறு, பாசம் வேறு. என் கிடங்கில் பீப்பாய் கழுவ ஆள் தேவை. மாமா சும்மாதானே இருக்கிறார்?

தம்பி

மேட்டுத் தோட்டம், அடுத்த ஆகஸ்ட் 2

அக்கா,

நான்கு மாதமாக மழை இல்லை. அப்பா காலத்தில் எந்தக் கோடையிலும் வாடாத கொடிகள் கருகி நிற்கின்றன. தோண்டிப் பார்த்தேன். அடிவேர் அழுகிக் கிடக்கிறது. புதுவேரெல்லாம் மேலே களிமண்ணுக்குள் படர்ந்திருக்கிறது. அதுவும் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுத்துவிட்டது. அப்பா நட்ட வரிசைகூடத் தப்பவில்லை. உன் காலில் விழுகிறேன், என்ன செய்வதென்று உடனே எழுது.

தம்பி

பள்ளத் தோட்டம், ஆகஸ்ட் 9

தம்பி,

செய்ய ஒன்றுமில்லை. களிமண்ணால் மூடினால் அடிவேர் மூச்சுமுட்டிச் சாகும். மேல்வேரை நம்பிய கொடியை முதல் வறட்சியே முடித்துவிடும். அள்ளும் முன்பே எனக்குத் தெரியும். லாரிகளுக்கு நான்தான் வழி காட்டினேன். நீ பூரித்துப்போய் நின்றாய். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பா நட்ட வரிசைக்காக மட்டும் அழுதேன். அந்த வரிசையில் நீ கழித்துப்போட்ட குச்சிகளை, களிமண் ஏறுவதற்கு முன்பே உன் மாமா பொறுக்கி வந்துவிட்டார். ஆற்றுக்கு அப்பால் ஒரு சரளைக் குன்றை வாங்கி நட்டோம். இந்தக் கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் காப்பாற்றியும்விட்டோம்.

அதில் நாலு குச்சி கேட்டு நீ வருவாய். வராதே. அங்கே நாய் கட்டியிருக்கிறேன். களிமண் அள்ள வந்தபோது நீ இங்கே விட்டுப்போன சட்டையைப் போட்டுத்தான் அதைக் கடிக்கப் பழக்கினோம்.

பள்ளத் தோட்டத்துக்காரி