எஞ்சினுக்குப் பக்கத்து அறை

மேற்குத் தாம்பரம்,
19-9-1993

அன்புள்ள தபீதாளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். ஆபரேஷன் ஆன கண்ணில் வலி இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிஸ்பேனில் நீயும் மகள் சுகிர்தாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். மாப்பிள்ளையின் அப்பாவும் சுகமாக இருக்கட்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தீவுகளைச் சுற்றிவர நாற்பது பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல், அக்டோபர் கடைசியில் புறப்படுகிறது, எதற்கும் விசாரித்து எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். கப்பலில் கால் வைக்காதவன் யோசனை சொல்லலாமா என்று எனக்கே தயக்கம். அதனால் எதிர்வீட்டு அத்தாவுல்லா பாயிடம் கேட்டேன். கடை வைப்பதற்கு முன் அவர் இந்த மாதிரிக் கப்பல்களில் வேலை பார்த்தவர்தானே. "கப்பல் ஏறப் போறது வூட்டம்மா, பரீட்சைக்குப் படிக்கிறது நீங்களா சார்?" என்று சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

பெட்டி கொண்டுபோகாதே. அறை நம் வீட்டுச் சாமான் அறை அளவுதான் இருக்குமாம். மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளக்கூடிய துணிப் பையாக இருக்கட்டும். கப்பலில் டாக்டரும் இருக்கமாட்டார், மருந்துக் கடையும் கிடையாது. உன் சர்க்கரை மாத்திரையை வேண்டியதற்கு இரண்டு மடங்காக எடுத்துக்கொள். அதைத் துணிப் பையில் போடாமல் தோள்பையில் வை. குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பயனில்லை. கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். அதையும் மீறித் தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுக்காதே. மேல்தட்டுக்கு வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிரு. அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமாஷ் பேசினால் குமட்டல் அதிகமாகும். இதை பாய் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது.

தீவுகளில் இறங்குவதற்கு ரப்பர் படகில் மாற வேண்டுமாம். புடவை வேண்டாம், சுகிர்தா சொல்கிறபடி சுடிதாரே போட்டுக்கொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். படகில் கால் வைக்கும்போது கப்பல் ஆளின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. ஈரத்தில் வழுக்கும். அவன் முன்கையை நீ பிடிக்க வேண்டும், உன் முன்கையை அவன் பிடிப்பான். இது பயிற்சி பெற்ற கப்பல் ஆளுக்கு மட்டும் தெரிந்த பிடி. வேறு யார் கை நீட்டினாலும், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், பணிவாக மறுத்துவிடு. சம்பந்திக்கு இரத்த அழுத்தம் உண்டு என்பதை நினைவில் வை. அவருடைய நன்மைக்காகவும்தான் சொல்கிறேன்.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில். இடம் குறித்து வைப்பதில்லை, முதல் நாள் உட்கார்ந்த இடம்தான் கடைசிவரை என்று ஆகிவிடுமாம். ஆகவே முதல் நாளே யோசித்து உட்கார். சுகிர்தா ஒரு பக்கம் இருக்கட்டும். மறுபக்கம் சுவராக இருந்தால் நல்லது.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அடுப்பங்கரையில் நீ கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாய். சம்பந்தி கையில் கரண்டி வைத்திருக்கிறார். "ரத்தினம் அண்ணன் வைக்கிற ரசம் ஊரையே கூப்பிடும்" என்று பின்னால் எழுதியிருக்கிறாய். மனைவி போன பிறகு தானே சமைத்துப் பழகிய மனிதர், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நம் கல்யாணப் போட்டோவிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நீ இப்படிச் சிரிக்கவில்லை. வெளிச்சத்தின் கோளாறாக இருக்கலாம். கண்ணும் இன்னும் முழுக்கத் தெளியவில்லை.

கப்பலில் எனக்கென்று மாப்பிள்ளை போட்டிருந்த இடம் சம்பந்திக்கு எப்படிப் போனது என்று நீ கேட்கவே இல்லை. நீ புறப்பட்டுப் போன பிறகு, மாப்பிள்ளை எனக்குக் கப்பலில் இடம் போட்ட சேதியைச் சொல்லக் குரோம்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்ணைக் கொடுத்தவன் பேச வேண்டிய முறையில், "நீங்கள் இருக்கும்போது நான் போவதா? என் இடத்தில் நீங்கள்தான் போக வேண்டும்" என்றேன். "சேச்சே, அதெப்படி" என்று அவர் மறுப்பார், நான் வற்புறுத்துவேன், அவர் மறுபடி மறுப்பார், அத்தோடு மரியாதை முடியும் என்று இருந்தேன். அவரோ எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி! நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பாஸ்போர்ட் ரெடியா இருக்கு" என்றார். பெண்ணின் மாமனாரிடம் அதற்குமேல் என்ன பேச முடியும்? எனக்கு வாங்கிய ரப்பர் அடி வைத்த ஷூவையும் விமான நிலையத்தில் அவரிடமே நீட்டினேன். அவருக்கு அளவு சேராது என்றுதான் நினைத்தேன். சேர்ந்தது.

போன ஞாயிறு பாய் வீட்டு டெலிபோனில் மாப்பிள்ளை கூப்பிட்டார். கப்பலின் பின்பக்கம் எஞ்சினை ஒட்டி ஓர் அறை விற்காமல் கிடக்கிறது, சத்தம் அதிகம் என்று யாரும் எடுக்கவில்லை, விசாதான் உங்களுக்கு இருக்கிறதே, வருகிறீர்களா மாமா என்றார். கேட்ட உடனே சரி என்று சொல்வது அழகா? "எதற்கு வீண் சிரமம், வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் போலாகிவிட்டார். "ஓகே மாமா" என்று வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பாய், "இன்னா சார், வாய் வேணாங்குது, மூஞ்சி வேணுங்குது!" என்றார். நான் நேராக வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை முன்பு அனுப்பியிருந்த கப்பல் படத்தில் அந்த அறையைத் தேடினேன். உன் அறையிலிருந்து ஒரு படிக்கட்டு இறங்கினால் போதும்.

எஞ்சின் சத்தம் பற்றி பாயிடம் கேட்டேன். காதில் பஞ்சு வைத்தால் தூங்கலாமாம். ரயில் பாதை ஓரத்தில் இத்தனை வருடம் தூங்கியவனுக்குப் பஞ்சுகூட வேண்டாம் என்று நினைக்கிறேன். துணிப் பை ஒன்று பாயின் கடையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கவில்லை, எடுத்து வைக்கத்தான் சொன்னேன். நான் வந்தால் உனக்கு இடைஞ்சல் என்று தோன்றினால், இந்தப் பாராவைச் சுகிர்தாவுக்குப் படித்துக் காட்டாதே.

காற்றிலும் அலையிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் பக்கத்தில் இருந்தால் அவருக்குப் பெரிய ஒத்தாசையாக இருக்கமாட்டேன். இருந்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லி, என்னை இன்னும் ஒரே ஒரு முறை கேட்கச் சொல்.

உன்,
ஏசுபாதம்