விரியாத இடது கை

வேங்கிக்காலில் மகன் வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கூடத்துப் பாயில் கிடந்த பேத்தி, பிறந்து பதினேழே நாள் ஆனவள், இரண்டு கையையும் விருட்டென்று அகல விரித்து, விரல்களைப் பரப்பி, எதையோ கட்டிப்பிடிப்பதுபோல மறுபடி மார்புக்குக் கொண்டுவந்தாள். "பயந்துட்டா அத்தை" என்று மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விசிலுக்குள் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கிவிட்டு நின்றேன். இரண்டு கையும் விரிந்தன. அதுவும் போதாமல் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். "எத்தனை வாட்டி அத்தை! அவ தூங்கவேணாமா?" என்று அவள் அலுத்துக்கொண்டாள். அவளுக்கென்ன தெரியும்? உனக்குத்தான் தெரியும். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகு உன்னோடு பேச உட்கார்ந்திருக்கிறேன், என்ன ஜென்மமோ நான்!

கோயில் மேற்கு வாசல் பே கோபுரத்துக்குப் பின்னால் அந்த லைன் வீட்டில் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். உன் தையல் மிஷின் ஓடினால் என் பாத்திர அலமாரி நடுங்கும். "ஏண்டி, மிஷினா ரயிலா?" என்று நான் இங்கிருந்து கத்துவேன். "டிக்கெட் எடுத்துட்டு ஏறு" என்று நீ அங்கிருந்து கத்துவாய். இருவருக்கும் ஒரே வயசு, ஒரே வருஷம் கல்யாணம். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஆறு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு எனக்கு மகன் பிறந்தான். உனக்கு இல்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில்தான் பிரசவம். கனமான பிள்ளை, தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டு இழுபறியாகிவிட்டது. நாற்பதாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், அவன் உடம்பு தூக்கிப் போடும். பயந்த கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தாயத்து கட்டினேன். தூக்கத்தில் உதடு கோணிச் சிரித்தால், கனவில் நரி விரட்டுது என்றோம். திடுக்கிடக் கூடாதென்று பழைய நூல் புடவையைக் கிழித்து, இரண்டு கையையும் உடம்போடு சேர்த்துச் சுற்றி ஏணைத் தூளியில் போட்டேன். அப்படித்தானே எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள்!

நீ அவனுக்கு மூன்று சட்டை தைத்து எடுத்து வந்தாய். போட்டுவிடும்போது வலது கை சட்டைக்குள் போகமாட்டேன் என்று மடங்கி மடங்கி முரண்டு பிடித்தது. இடது கை விட்ட இடத்தில் கிடந்தது. நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். "இந்தக் கை ரொம்ப சாதுவா இருக்குதேடி" என்றாய். நான் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம். லைன் வீட்டு ஜனம் முழுக்க மொட்டை மாடியில் மலையைப் பார்த்து நின்றோம். வேர்க்கிறதென்று துணியைப் பிரித்து அவனை என் மடியில் போட்டிருந்தேன். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்று கத்தியது, வேட்டு வெடித்தது. அத்தனை பேரும் மலையைப் பார்த்தோம். நீ என் மடியைப் பார்த்திருக்கிறாய்.

மறுநாள் காலையில் வந்து வாசப்படியிலேயே நின்றாய். "கோவிச்சிக்காதடி. வேட்டு சத்தத்துக்குப் புள்ளை ஒரு கையைத்தான் விரிச்சான். பயந்தா ரெண்டு கையும்தானே பயப்படணும்? பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம், நானும் வரேன்."

என் பிள்ளையைக் குறை சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவன் இடது உள்ளங்கையில் என் விரலை வைத்தேன், இறுக்கிப் பிடித்தான். "பாருடி, எப்படிப் புடிக்கிறான் பாரு! இதுவா ஆகாத கை?"

"புடிக்கிறான். ஆனா தூக்கலையே" என்றாய், மெதுவாக.

அதற்கு நான் சொன்னதை இப்போது திருப்பிச் சொல்லவே கூசுகிறது. "பெத்தவ எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? பெத்திருந்தால்ல தெரியும்! உன் கண்ணுதாண்டி புள்ளை மேல விழுந்து கீது." நீ வீட்டுக்குள் போவதற்குள்ளேயே உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண்பட்டது நிஜம் என்பார்கள் அல்லவா? சுவருக்கு அந்தப் பக்கம் உனக்குக் கேட்கவேண்டும் என்றே, "பாத்தீங்களா, கொஞ்சங்கூட நெடி இல்லை" என்று என் வீட்டுக்காரரிடம் உரக்கச் சொன்னேன்.

ஏழாம் மாதம் கிலுகிலுப்பையை நீட்டினால் வலது கை மட்டும்தான் வந்தது. அப்போதுதான் நீ சொன்னது எனக்கு உறைத்தது. வேலூருக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா அவன் தோளைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தார். "இது பயமில்லம்மா. பொறந்த குழந்தைங்க சத்தம் கேட்டா ரெண்டு கையையும் தானா விரிக்கும். நாலஞ்சு மாசத்துல அது தானா நின்னுடும். ஒரு கை விரியலைன்னா தோள் நரம்புல அடின்னு அர்த்தம். விரலைப் புடிக்கிறது வேற, தோள் வேற. முதல் மாசமே பயிற்சி ஆரம்பிச்சிருந்தா இவ்ளோ இறுகியிருக்காது. ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

"இல்லைங்க, யாரும் கவனிக்கலைங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

தினம் ஆறு வேளை அந்தக் கையைத் தூக்கி இறக்கவேண்டும். அவன் அலறுவான், நானும் கூடவே அழுவேன், உன் மிஷின் சத்தம் நின்றுவிடும். ஒருநாள் என் துணிக்கொடியில் ஒரு சட்டை தொங்கியது. இடது தோளிலிருந்து இடுப்பு வரை பிரித்து, நாடா வைத்துத் தைத்த சட்டை. கையை இழுக்காமல் போட்டுவிடலாம். யார் தையல் என்று எனக்குத் தெரியாதா? அது சின்னதாகும்வரை அவனுக்கு அதைத்தான் போட்டேன். துவைத்து, உன் வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற பக்கமாகக் காயவைப்பேன். அவ்வளவுதான் நான் உன்னிடம் பேசியது. வந்து கதவைத் தட்ட எனக்கு ரோஷம் விடவில்லை. அடுத்த வருஷம் உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து, சாமான் ஏற்றிய லாரி தெருவைவிட்டுப் போகும்போது நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவன் கை தோள் உயரம்வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. இன்றும் மகளை வலது கையால்தான் தூக்குகிறான். போன வாரம் ஆஸ்பத்திரியில் பேத்தியின் தலையை டாக்டர் லேசாகத் தாழவிட்டு இரண்டு கையும் விரிகிறதா என்று பார்த்தாராம். வந்து என்னைக் கேட்டான்: "எனக்கு யாருமே இதைப் பாக்கலையாம்மா?" "அந்தக் காலத்துல யாருக்குப்பா தெரியும்" என்றேன். இரண்டாம் முறையாக அதே பொய். அன்றிலிருந்து திரும்பத் திரும்பத் தட்டைக் கீழே போட்டுப் பார்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, வாசப்படி, மிளகாய், நான் விட்ட அந்த வார்த்தை, எதையும் மறைக்கவில்லை. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவனோ, "அவங்களுக்கு அப்புறமாச்சும் குழந்தை பொறந்துச்சாம்மா?" என்றான்.

இல்லை என்றேன். உன் சாவுச் சேதியோடு அதுவும் என் காதுக்கு வந்திருந்தது. நான் சொன்ன அந்த வார்த்தையோடு நீ எத்தனை வருஷம் இருந்தாயோ தெரியாது. இனி நான் இருக்கும்வரை அது என்னிடம்தான் இருக்கும்.