நாலாவது கவச வண்டி

முசஃபா
12.9.1986

இஞ்சாரும்,

போட்டோ கேட்டிருந்தீர். இந்த அரபியின் கராஜில் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் பின்னால் ஒரு கவச வண்டி விழும். வீட்டைச் சோதிக்க வருகிற ஆமிக்காரன் அதைக் கண்டால் என்ன சொல்லுவீர்?

என் பாஸ்போர்ட்டை வைத்திருக்கிற கபீல், விசா தந்த முதலாளி, பழைய யுத்த வண்டிகள் சேர்க்கிறவர். ஓட வைத்தால் ஊருக்கு விடுவேன் என்றார். ஓட வைத்தேன். என்னைக் கட்டிப்பிடித்து, "இன்னும் ஒண்டு, பிறகு கலாஸ், முடிஞ்சுது" என்றார். இப்படியே நாலாவதும் வந்து இறங்கிவிட்டது.

இது எங்கள் ஒழுங்கையால் ஆமியின் வண்டி வருகிறதே, அதே இனம். ஸ்டார்ட் பண்ணியதும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

பிறகு உள்ளே ஏறி மூடியைப் பூட்டிக்கொண்டு, கூட வேலை செய்கிற மலையாளியை வெளியே ஓடவும் குந்தவும் சொல்லி, சுடுகிற துவாரத்தால் பார்த்தேன். தள்ளி ஓடினால் ஆள் நன்றாகத் தெரிகிறார். கிட்டக் குந்தினால் தெரியவில்லை. மூன்று தரம் பார்த்தேன்.

என் தம்பி சுடுபட்ட அன்றைக்கு ஓடினவன்.

இதை ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடும்.

மூத்தவளுக்குச் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டால் ஓடவேண்டாம், ஒழுங்கை மதிலோடு ஒட்டிக் குந்தியிருக்கட்டும். நான் உள்ளே இருந்து பார்த்துவிட்டேன்.

பிள்ளைகளின் அப்பா