காந்தம் நழுவிய கதவு

அன்புள்ள மகனுக்கு,

ஒர்க்‌ஷாப்பில் நான் மயங்கி விழுந்ததாகவும் இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்ததாகவும் சித்தி உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அது சரியல்ல. அந்தக் காரில் நானாகத்தான் ஏறி உட்கார்ந்தேன், நானாகத்தான் இறங்கினேன், நடுவில் சற்று நேரம் பேசவில்லை. யாராவது வாயை மூடியிருந்தால் உன் சித்திக்கு அது மயக்கம். மற்றபடி முழங்காலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நீ படம் அனுப்பிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை, நீ எழுதிக்கொடுத்த பட்டியலோடு போய்ப் பார்த்தேன். மெக்கானிக் நல்ல மாதிரிதான், வாய்தான் அதிகம். இன்ஜின் வேறம்மா, சீட் வேற, ஸ்டியரிங் வேற, பழசுன்னு இதுல மிச்சம் இருக்கிறது உடம்பு மட்டும்தான், அதுவும் அடியே படாத உடம்பு, கண்ணை மூடிட்டு வாங்கலாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதென்றால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேனே என்றேன். பிறகு நீ சொன்னபடி காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் கப்பென்று பிடித்தது. ஓட்டுபவர் பக்கக் கதவுக்கு வந்ததும் நழுவி விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அடிபட்ட இடத்தை அடைத்துப் பூசிய வெறும் பட்டி. விழும் என்று வைப்பதற்கு முன்பே என் கைக்குத் தெரிந்திருந்தது. பிறகுதான் ஏறி உட்கார்ந்து முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தேன். அதன் மூடியை மட்டும் யாரும் மாற்றவில்லை. உள்பக்கம் காசால் கீறிய ஏழு கோடுகள். ஐந்து வயதில் நீ கீறியவை, அதற்காக உன்னை மூலையில் நிற்க வைத்தேன். இந்த வண்டியில ஏற்கெனவே உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா என்று படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாயே, உட்கார்ந்திருக்கிறாய்.

அது நம் வீட்டுக் கார். காயலான் கடையில் போட்டுவிட்டேன் என்று உன் அப்பா என்னிடம் சொன்னது பொய் என்று இந்த வயதில் தெரிகிறது. எனக்குக் கோபமில்லை, நான் சொன்னது அதைவிடப் பெரியது. உன் அண்ணன் காய்ச்சலில் போனான் என்று உன்னிடம் சொன்னோம். அவன் இந்தக் காரில் போனான், பதினெட்டு வயதில். பிரேக் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று அப்பா சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒரே ஒரு சுத்தும்மா, அப்பா வர்றதுக்குள்ள நிறுத்திடுறேன் என்று அவன் என் பின்னாலேயே வந்தான். எனக்கு அடுப்பில் வேலை. தொல்லை விட்டால் போதும் என்று நான்தான் அலமாரியைத் திறந்து கொடுத்தேன். கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான் என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அவன் எதையும் கேட்காமல் எடுக்கும் பிள்ளையே இல்லை. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர், வாயால் சொன்ன பொய்யை எழுதித்தான் திருத்த வேண்டும் என்பார். சொல்லாமல் விட்டதற்கும் அதுவே சட்டம் என்று நினைக்கிறேன். அதனால்தான் போனில் பேசவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எங்காவது சாவிக்கொத்து குலுங்கினால், அவன் இன்னும் என் பின்னாலேயே நின்று கேட்பது போலிருக்கிறது.

வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, புது பிரேக்கை நானே மிதித்துப் பார்த்தேன், உறுதியாக நின்றது. இந்த மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று மெக்கானிக் ஒத்துக்கொண்டிருக்கிறார். வாங்கினால், நீ ஊருக்கு வரும்வரை கார் நம் ஷெட்டில் நிற்கட்டும், தூசி படாமல் பார்த்துக்கொள்கிறேன். சாவியை மட்டும் என்னிடம் கொடுத்து வைக்காதே, மெக்கானிக்கிடமே இருக்கட்டும்.

வெயிலானாலும் குளிரானாலும் வேளைக்குச் சாப்பிடு. உங்கள் இருவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பதை உன் கையால் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா