என் கண்ணை அளக்க ஓர் ஆள்

பிப்ரவரி 4

இன்று முதலில் வந்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "ஐயா, கதவைத் திறந்தாத்தானே நான் உள்ள வர முடியும்?" என்றேன். சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அளந்துவிட்டேன். பதினாறு. இருபத்தொன்றைத் தாண்டாதவரை நல்ல அழுத்தம்.

என் வேலையை யாராவது கேட்டால் சொல்லவே சிரமமாக இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறேன். மரத்துப்போகும் சொட்டு ஒன்று, மஞ்சள் சாயம் கொஞ்சம், அப்புறம் நீல விளக்கு. கருவியின் முனை கருவிழியை மெல்லத் தொடும்போது இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவை ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்வரை திருக வேண்டும், அவ்வளவுதான். மூச்சை அடக்கினால் எண் ஏறிவிடும். கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தாலும் ஏறும். அதனால் வருகிற ஆண்களிடமெல்லாம் "மேல் பட்டனைக் கழட்டுங்க" என்று சொல்கிற பெண் நான். இதை வெளியில் சொன்னால் தப்பாகப் போய்விடும்!

காலையிலிருந்து மாலைவரை ஒரு சாண் தூரத்தில் முகம் முகமாகப் பார்க்கிறேன். யாரும் என்னைப் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் காலையில் நான் வைத்த செருப்பு வைத்தபடியே கிடக்கிறது. அதை நகர்த்திப்போட ஒரு ஆள் இல்லை.

பிப்ரவரி 11

டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு அழுத்தம் அளக்கும் புது மிஷின் கொண்டுவந்தார். கையடக்கமானது, சொட்டே வேண்டாமாம். யாராவது ஒருவர் கண்ணைக் காட்டுங்கள் என்றார். மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

வலது 27. இடது 29.

அவர் முகம் மாறியது. "மேடம், இன்னொரு தடவை பார்க்கலாமா?" மறுபடியும் அதே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கண்ணோடு மாரடித்தவளிடம் பொம்மையைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாரா? "உங்க மிஷின் கூட்டிக் காட்டுது. எடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வாங்க" என்றேன். டாக்டரம்மா என் பேச்சைத் தட்ட மாட்டார். மிஷின் திரும்பிப் போனது.

பிப்ரவரி 12

மிஷின்தான் தப்பு.

பிப்ரவரி 18

வேறு மிஷின். இந்த முறை நான் உஷாராக இருந்தேன். நான் பழைய முறையில் அளந்த நோயாளிகளையே அதிலும் அளக்க வைத்தேன். ஒருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு மட்டும் 28, 30.

ஊருக்கெல்லாம் உண்மை பேசும் மிஷினுக்கு என்மேல் மட்டும் என்ன பகை?

வேடிக்கை என்னவென்றால் நானே சரிபார்த்துக்கொள்ள முடியாது. நீல விளக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ஆள் உட்கார முடியாதே. ஓர் ஆளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் நிஜமாகிவிடும்.

பிப்ரவரி 20

கேட்டுவிட்டேன். கடைசி நோயாளி போனதும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். தாடையைத் தாங்கியில் வைத்தேன். அவர் அளந்தார், கண்ணுக்குள் நரம்பைப் பார்த்தார், பக்கப் பார்வைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிண்ணத்துக்குள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நான் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு. இடது கண்ணில் ஓர் ஓரத்தில் ஒன்றுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. வலி இல்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். தினமும் நான் சொல்வதையே எனக்குச் சொன்னார், நானும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினேன்.

"உன் வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

அப்பா கடைசிக் காலத்தில் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார். ஒரே கதவில் தினமும் இடித்துக்கொள்வார். வயசாகிவிட்டது என்று திட்டினோம்.

"அப்பாவுக்கு இருந்திருக்கும் டாக்டர்."

"கூடப்பிறந்தவங்க?"

"யாரும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது.

பிப்ரவரி 21

சொட்டு மருந்து போட்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. அழுததுபோல இருந்தது. அழவில்லை.

அண்ணன் இருக்கிறான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். பஸ் ஓட்டுகிறான். பல வருஷத்துக்கு முன் அவன் தன் மகளை அடிக்கக் கை ஓங்கியபோது நான் தடுத்தேன். எல்லார் முன்னாலும் சொன்னான்: "தனிக்கட்டைக்குக் குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?" அன்றோடு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அண்ணிதான் அவனுக்குத் தெரியாமல் எப்போதாவது பேசுவாள்.

இது குடும்பத்தில் வரும் நோய், கூடப்பிறந்தவர்களை உடனே கூட்டி வாருங்கள் என்று தினம் எத்தனை பேரிடம் சொல்கிறேன்! கிளிப்பிள்ளைகூட ஒரு நாள் தன் வார்த்தைக்கு அர்த்தம் கற்றுக்கொள்ளும். சொல்ல வேண்டும். நாளைக்கு.

பிப்ரவரி 26

சொல்லவில்லை. அவன்தானே முதலில் பேச வேண்டும்? தப்பு அவனுடையது.

மார்ச் 2

அண்ணி பேசினாள். வழக்கமான புலம்பல்தான். நடுவில் சொன்னாள்: "உங்கண்ணன் பஸ்ஸ வலது பக்கம் ரெண்டு தடவை உரசிட்டார். டிப்போல விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண் டெஸ்ட் போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சார்."

கடைசி வரி படிப்பான், ஏன் படிக்க மாட்டான்? நடுப்பார்வை கடைசியில்தானே போகும்! எழுத்தைப் படிக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். வலது பக்கம், ரெண்டு தடவையும் வலது பக்கம். பஸ் நிறைய ஆட்கள். நான் இங்கே ரோஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் —

மார்ச் 3

போன் செய்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"பாப்பாவா?" நாற்பத்து நான்கு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் கண், அப்பாவின் கண், உடனே வா.

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்கிட்ட வந்து காட்டிட்டு, வேலைய விட்டுட்டு வீட்ல உக்காரவா?" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 5

லீவு போட்டுவிட்டு அவன் பஸ்ஸில் போய் ஏறினேன். என்னைப் பார்த்தான், கியரைப் போட்டான். முன் இருக்கையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன். முடி நரைத்திருக்கிறது. ஒரு திருப்பத்தில் வலது பக்கமிருந்து கைவண்டியோடு ஒருவர் ரோட்டில் இறங்கினார். நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு அவன் எதிரில் போய் நின்றேன். "இடது கண்ண மூடிக்கோ. என் மூக்கையே பாரு." ஏனோ மறுக்கவில்லை. என் கையை அவனுடைய வலது பக்கம் நீட்டி விரலை ஆட்டினேன்.

"எத்தன விரல்?"

"கைய நீட்டு, சொல்றேன்."

"நீட்டித்தான் இருக்கேண்ணா."

தலையைத் திருப்பிப் பார்த்தான். என் கை அங்கேயே இருந்தது. அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு டிப்போவுக்குப் போன் செய்து வேறு ஆளை அனுப்பச் சொன்னான்.

மார்ச் 6

வந்தான். காக்கிச் சட்டையோடு, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு. டாக்டரம்மாவிடம் "என் அண்ணன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான்தான் அளந்தேன். அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. வலது கண் 41. மூச்சை விடச் சொன்னேன். பட்டனை என் கையாலேயே கழற்றினேன். இறங்கு, இறங்கு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே திருகினேன். 41. இடது கண் 26.

"வண்டி?" என்றான்.

"வேணாம்ணா."

"எனக்கு வேற என்ன தெரியும் பாப்பா?"

கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குள் எழுந்துவிட்டான்.

மார்ச் 15

ஒரு போன் இல்லை. அண்ணிகூடப் பேசவில்லை. அவன் சோற்றில் நான்தான் மண்ணள்ளிப் போட்டேன் என்று நினைக்கிறார்களோ. நினைத்தால் நினைக்கட்டும். யாரும் செத்துப்போகவில்லையே.

இல்லை, அவர்கள் அப்படி நினைக்கக் கூடாது. என்னால் தாங்க முடியாது.

மார்ச் 22

சொட்டு. சாப்பாடு. சொட்டு.

ஏப்ரல் 9

அண்ணன் டோக்கன் எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். வேறொருவர் கூப்பிட்டதற்கு, "என் தங்கச்சிதான் பார்க்கணும்" என்று அடம்பிடித்தானாம். வலது 17, இடது 15. மருந்து வேலை செய்கிறது. டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. எல்லாம் உன்னாலதான்" என்றான். திட்டத் தெம்பு வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

என் வேலை முடியும்வரை வாசலிலேயே காத்திருந்தான். அண்ணி வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னாளாம். சேர்ந்து நடந்தோம். பெரிய ரோடு வந்ததும் நின்றுவிட்டான். நான் அவனுடைய வலது பக்கம் போய் நின்றேன். வாழ்நாளெல்லாம் இந்த ரோட்டில் பஸ் ஓட்டியவன், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப போகலாமா பாப்பா?" என்று கேட்டான்.

"இருண்ணா. ஒரு வண்டி வருது" என்றேன்.